மணலில் வைத்த துடுப்பு

பூவார் துறையில் முறை என்றால் துடுப்பு. முதலில் வருபவர் தம் துடுப்பை மணலில் வைப்பார். அடுத்தவர் அதன் பக்கத்தில். ஊர் பார்க்க வருபவர்களை அந்த வரிசைப்படிதான் வள்ளத்தில் ஏற்றுவார்கள். யாருக்கும் சோறு முடங்கியதில்லை.

ராஜப்பன் இறந்தபின் அவன் துடுப்பை மனைவி சுகிர்தபாய் தூக்கி வந்தாள். ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மோகனன் தன் துடுப்பை நகர்த்தி இடம் விட்டான்.

"அண்ணனுக்க முறை இனி அக்காவுக்காக்கும். எவனுக்காவது வல்லதும் சொல்லணுமா?"

சுகிர்தபாய் தன் துடுப்பை அந்த இடத்தில் வைத்தாள்.

அந்த வருஷம் திருவனந்தபுரத்திலிருந்து ஒருவர் அடிக்கடி வந்தார். அவள் முறை வரும்வரை காத்திருந்து அவள் வள்ளத்திலேயே ஏறுவார். ராஜப்பனைப் பற்றிக் கேட்பார். அவனைப் பற்றி அவளிடம் கேட்க வேறு யாரும் இருக்கவில்லை.

"ஆறு கடல்ல சேர்ற பொழி மணல் மூடி ஆறு பொங்கினா வள்ளத்த எங்க கட்டுவீங்க?" என்று ஒருநாள் கேட்டார்.

வெளியாட்களுக்குக் காட்டாத இடம் அது. தென்னந்தோப்புக்குப் பின்னால், எந்த வெள்ளமும் ஏறாத மேடு. அவள் வள்ளத்தை அங்கே திருப்பினாள்.

"எங்க வீட்டுக்காரரு கண்டுபிடிச்ச இடமாக்கும்" என்றாள். சொல்லும்போது சிரித்தாள்.

அடுத்த மழைக்கு முன் அந்த மேட்டை அவர் வாங்கி வேலி போட்டார். ரிசார்ட் எழுந்தது. விசைப்படகுகள் வந்தன. கார்கள் துறைக்கு வராமல் ரிசார்ட் வாசலிலேயே நின்றன. வள்ளக்காரர்கள் ஒவ்வொருவராக அங்கே வேலைக்குப் போனார்கள்.

கடைசியில் மோகனன் ரிசார்ட் தொப்பியோடு வந்து நின்றான்.

"எலே, தொப்பி நல்லாத்தான் இருக்கு. மழைக்கு ஆகும்" என்றாள்.

"அக்காவுக்கும் கேட்டேன். பெம்பிளையள எடுக்க மாட்டாவளாம்."

"செரி மக்கா."

"அந்த இடத்த அவருக்கு ஆரு காட்டிக்குடுத்தாவன்னு பயலுவ கேட்டுட்டு கெடக்கானுவ. நான் ஒண்ணும் சொல்லல்ல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவனுக்குத் தெரிந்திருந்தது.

"வாறேன் அக்கா" என்றான்.

மறுநாள் விடியலில் அவள் துறைக்கு வந்தாள். துடுப்பை மணலில் வைத்தாள். பக்கத்தில் ஒரு துடுப்புக்கு இடம் விட்டிருந்தாள்.

நடு ஆற்றில் விசைப்படகு ஒன்று போனது. தொப்பி போட்டு ஓட்டியவன் இந்தப் பக்கம் திரும்பவில்லை. அலை கரையேறி வந்து துடுப்பைப் புரட்டியது. அவள் எழுந்து போய், அதை இருந்த இடத்திலேயே மறுபடி வைத்தாள்.