இரண்டாம் பாட்டில்

1

இந்தக் கதை என் வாயிலிருந்து பிடுங்கப்பட்டது. மிகைப்படுத்தவில்லை. மூன்று வருடங்களுக்கு முன் என் ஞானப்பல்லை எடுத்தபோது, குப்பையில் போட விடாமல் அக்கா வந்து வாங்கிக்கொண்டு போனாள். பல் சொத்தையைத் தடுக்கும் ஒரு பூச்சைப் பற்றி அவள் ஆராய்ச்சி செய்கிறாள். நூறு பல் தேவைப்பட்டது. தம்பி என்ற முறையில் என் பங்கு ஒன்று.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஆய்வுக்கூடத்தில் ஒரு துரோகி இருந்தான்.’ அடித்துவிட்டேன். நான் துரோகியாக்க இருந்தவர் அங்கே உதவியாளராக இருக்கும் சோப்பு அண்ணன். கதவுக் கைப்பிடியைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் தொடுவார். (அவரை வில்லனாக்க மூன்று நாள் முயன்றேன். மனசு வரவில்லை.)

நடந்தது இதுதான். பற்கள் இரண்டு பாட்டில்களில் ஐம்பது ஐம்பதாக வந்தன. யார் யார் வாயிலிருந்தோ வந்தவை, கிருமி நீக்காமல் தொட முடியாது. இரண்டையும் ஒரே மருந்துத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்லியிருந்தாள் அக்கா. பிறகு முதல் பாட்டில் பற்களை அப்படியே விட்டாள், இரண்டாவதற்குப் பூச்சு தடவினாள், எல்லாவற்றையும் சொத்தைக் கிருமிகளோடு போட்டு வைத்தாள். பூச்சு தடவியவை அவ்வளவாக அரிபடவில்லை. அன்றைக்குப் போனில் சந்தோஷத்தில் குதித்தாள்.

3

போன வாரம் டீ குடிக்கும்போது, பாராட்டை எதிர்பார்த்து சோப்பு அண்ணன் சொன்னாராம்:

“ரெண்டாவது பாட்டில்ல ரத்தம் ஒட்டியிருந்துச்சு மேடம். மருந்துத் தண்ணி மட்டும் போதுமான்னு, கொதி ஆவியிலயும் வெச்சு எடுத்தேன். நீங்க தொடுறீங்களே.”

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தச் சூடு பல்லையே மாற்றிவிடக்கூடும். மாறிய பல் வேறு விதமாக அரிபடும். அப்படியானால் காப்பாற்றியது பூச்சா, ஆவியா? இனி யாராலும் சொல்ல முடியாது.

(என் பல் எந்தப் பாட்டிலில் என்று கேட்டேன். இரண்டாவதில்தானாம். அந்த ரத்தம் என்னுடையதாகக்கூட இருக்கலாம்.)

“அவரைத் தப்பா எழுதிடாதடா,” என்றாள். “ரெண்டு பாட்டிலையும் ஒண்ணாக் கலந்துட்டு அப்புறம் பிரிச்சிருக்கணும். அப்ப ஆவி பட்ட பல் ரெண்டு பக்கமும் இருந்திருக்கும். அதைச் செய்யாதது நான்தான்.”

4

திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். எங்கள் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. எனவே முடிவுகள்:

(அ) அக்கா வாயைத் திறக்கவில்லை. பட்டம் கிடைக்கிறது. பூச்சு கடைக்கு வருகிறது. ஒரு குழந்தையின் பல்லில் அதை நம்பித் தடவுகிறார்கள், ஒரு நாள் அந்தக் குழந்தை

(ஆ) பேராசிரியரிடம் சொல்லிவிடுகிறாள். மூன்று வருட உழைப்பு வீண். கண்ணீர் மல்க அவள்

இரண்டையும் என்னால் முடிக்க முடியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. எதை எழுதினாலும் அவளைப் பிடித்துத் தள்ளுவது போலிருந்தது.

5

கடைசியில் அவளிடமே கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள்.

“கண்ணீர் மல்கவா? நான் எப்படா அழுதேன்?” என்று (ஆ)வில் அந்த இரண்டு வார்த்தைகளை மட்டும் அடித்தாள். (அ)வை முழுதாக அடித்தாள். அப்புறம் என் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உனக்கு ஞானப்பல் இன்னும் மூணு இருக்குல்ல?”

“அதெல்லாம் வலிக்கலையேக்கா.”

“வலிச்சா சொல்லு,” என்றாள்.

ஆகவே முடிவு என் கையில் இல்லை. மறுபடியும் நூறு பல் வேண்டும், என்னுடையது இன்னும் வலிக்கவில்லை. வாசகரே, டாக்டர் எப்படியும் எடுக்கப்போகிற பல் உங்களிடம் இருந்தால் கேட்டு வாங்கி வையுங்கள். வந்து வாங்கிக்கொள்கிறோம். தயவுசெய்து கொதிக்க மட்டும் வைக்காதீர்கள்.