நூற்றிருபத்தெட்டாம் விடியல்

…இல்லை, நூற்று முப்பதுதான், காயல்பட்டினத்தில் தன் கணவர் மௌத்தாகி இறந்தபோது அவள் இத்தா, அந்தக் கைம்பெண் காப்பு, இருந்ததும் நூற்று முப்பதுதானே, நாலு மாதத்துக்கு நூற்றிருபது, மேலே பத்து, இதில் பிழை எங்கே நுழைந்தது… ஜுலைஹா பீவி பால்மாவு டப்பாவைக் கவிழ்த்துப் பேரீச்சங்கொட்டைகளை மூன்றாம் முறையாக எண்ணினாள். எஜமான் பெரிய ஷேக் கண்மூடிய மறுநாள் தொட்டு விடியலுக்கு ஒரு கொட்டை; இன்று செவ்வாய், நூற்றிருபத்தெட்டு. இத்தா முடியும்வரை அவருடைய கைம்பெண்ணான ராணிம்மாவை இந்த வீட்டிலிருந்து யாரும் எழுப்ப முடியாது, முடிந்த அன்றே அவள் பிறந்த ஊருக்கு, ஜோர்தானின் அம்மான் நகரத்துக்கு, விமானம் என்று மூத்த தாரத்து மகன் எப்போதோ உத்தரவிட்டுவிட்டான். வியாழனன்று அவள் மகன் சின்னவர் வருவார், தாயும் பிள்ளையும் ஒரு பொழுதாவது முகம் பார்த்துக்கொள்வார்கள் என்றல்லவா இருந்தாள், அந்த வியாழனைக் குறித்துக் கொடுத்ததே அவளுடைய இந்தக் கணக்குத்தான், பாவி, பாவி…

“லாத்தா, இன்னும் கொட்டையத்தான் எண்ணிக்கிட்டிருக்கீங்களா?” வாசலில் டிரைவர் சுஐபு. “ஷேக் மௌத்தானது பிறை ஒண்ணுல. பிறை ஒண்ணுல தொடங்குனா பிறைக் கணக்குலதான் முடிக்கணுமாம். ரெண்டு மாசம் இருபத்தொம்பதோட போச்சு, இன்னைக்கே முடிஞ்சுது, கலாஸ்னு காஜியாரு சொல்லிட்டாரு. நீங்க காஜியாருக்கே வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பீங்க போல. யல்லா, வண்டி வெயில்ல நிக்குது.”

இரண்டு பிறைகள் ஒவ்வொரு நாள் முந்திவிட்டன, அவ்வளவுதான், அந்த இரண்டு நாளில் ஒரு தாயின் இருபத்திரண்டு வருடம் நழுவிப் போகிறது… பதினேழு வயதில் அம்மான் நகரத்தில் சர்க்காசிய இனத்தார் தெருவிலிருந்து ஷேக்குக்கு நாலாவது மனைவியாக வந்தவள் ராணிம்மா, வந்த அன்றே பழைய பெயரைக் கழற்றிவிட்டு ஜவாஹிர் என்று சூட்டினார்களாம், வீட்டுப் பெண்கள் வரிசையாக வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து வெளுத்த தோலில் நரம்பின் நீலத்தைப் பார்த்துப் போனார்களாம், துணிக்கடையில் நெசவு பார்ப்பதைப் போல. அவளுடைய மொழி யாருக்குத் தெரியும் இங்கே? மடியில் கிடந்த மகனோடு மட்டும் பேசினாள். ஏழு வயதில் அவனை ஆண்கள் பக்கம் கொண்டுபோனதும் அந்த மொழியும் கூடவே போய்விட்டது. இப்போது இங்கிலாந்தில் ராணுவப் படிப்பு. தகப்பனின் மையத்து அடக்கத்துக்கு வந்தவன் கதவோரம் கால்மணி நேரம் நின்றான், பிசகில்லாத அரபியில் ஆறுதல் சொன்னான், அயலார் வீட்டுத் துக்கத்துக்கு வந்தவன்போல… அதன்பிறகு ராணிம்மாவின் நோக்கியா போன் அவன் பெயரைக் காட்டி ஒருமுறையாவது ஒலித்ததா? கேட்டதாக நினைவில்லை. வியாழனன்று வருகிறான் என்று ராணிம்மாதான் சொன்னாள்.

அவளே வந்துவிட்டாள், பயணத்துக்கான அபாயா அங்கியோடு. ஜுலைஹா எழுந்து, “ராணிம்மா, எங்கணக்கு… நான்தான் கெடுத்துட்டேன்” என்று தமிழும் அரபியுமாகத் தடுமாறினாள். அவள் கோபிக்கவில்லை. தட்டிலிருந்து இரண்டு பேரீச்சம்பழம் எடுத்து அவசரமின்றித் தின்றாள், கொட்டைகளைக் கழுவி டப்பாவில் போட்டாள், சிதறிக் கிடந்தவற்றையும் அள்ளிப்போட்டு மூடியை அழுத்தினாள். “நூற்று முப்பது. உன் கணக்கு சரிதான், ஜுலைஹா. அவன் வந்தால், அம்மா காத்திருந்தாள் என்று சொல்.” டப்பாவை ஜுலைஹாவின் கையில் வைத்தாள்.

வண்டி கேட்டைத் தாண்டியது, தூசி அடங்கவில்லை, திடீரென்று அந்த மொட்டைமாடி நினைவுக்கு வந்தது… ஒவ்வொரு மாதக் கடைசியிலும் மேற்கே பார்த்து நின்றவள், வேலைக்காரர் எவருக்கும் முன்னால் பிறையைக் கண்டவள், ‘அதோ, ஜுலைஹா, இருபத்தொன்பதிலேயே பிறந்துவிட்டது’ என்று இரண்டு முறையும் விரல் நீட்டிக் காட்டியவள் அவளல்லவா? அவளுக்கா தெரியாது? தெரிந்துமா ‘உன் கணக்கில் எத்தனை நாள்’ என்று கேட்டு, அந்த நாளையே மகனுக்குக் குறித்தாள்? அப்படியென்றால் போனில் அவனிடம் சொன்னாளா, சொல்லவே இல்லையா… வியாழன் வருவதற்குள் புறப்பட்டுவிட்டால் அவன் வராததை அவள் பார்க்க வேண்டியதில்லை, அம்மான் நகரத்தில் உட்கார்ந்து, வந்திருப்பான், வந்திருப்பான் என்றே இருந்துவிடலாம். ஆனால் இந்த வீட்டில் வியாழனன்று கேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கப்போவது யார்… டப்பா கையில் கனத்தது, இறக்கி வைக்க இடம் தெரியவில்லை.