பெயர் சொல்ல மறுத்த சாட்சி

திபுங் சாட்சிக் கூண்டில் ஏறியபோதே கம்பெனி வக்கீலுக்கு வாயெல்லாம் பல். காட்டுக்காரி, எழுத்து வாசனை இல்லாதவள், பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும். மிரி நகரத்து நீதிமன்றத்துக்கு வர அவள் மரலாரிப் பாதையில் இரண்டு நாள் குலுங்கியிருந்தாள். பத்து நிமிடத்தில் திரும்புகிற எண்ணம் அவளுக்கு இல்லை.

வழக்கு இதுதான். பெனான் பழங்குடி மக்களின் காட்டுக்குள் ஐம்பது கிலோமீட்டருக்கு எரிவாயுக் குழாய் பதிக்கப் போகிறார்கள். காடு எங்களுடையது என்றால், முன்னோர் அங்கே வாழ்ந்து செத்ததற்கு ஆதாரம் கொடு என்கிறது கம்பெனி. வயல் வெட்டியவன் வயலைக் காட்டுவான். சாப்பாட்டு மாவுக்காகச் சாகோ மரம் தேடி இடம் மாறிக்கொண்டே இருந்தவர்கள் எதைக் காட்டுவது? யாராவது செத்தால் அடுப்படியிலேயே புதைத்துவிட்டுக் குடிசையை விட்டுப் போய்விடுவார்கள். கல் நடுவதில்லை. இரண்டே வருடத்தில் காடு மூடிவிடும்.

பெனான் மக்கள் பக்கத்து வக்கீல் செலினா, இபான் இனத்துப் பெண், நல்லவள். காலையில் வராந்தாவில் நின்று கெஞ்சினாள்.

"அக்கா, அப்பா பேரை ஒரே ஒரு தடவை சொல்லுங்க. வெள்ளைக்காரன் காலத்து ரிக்கார்டுல அந்தப் பேர் இருக்கு. ரெண்டும் ஒத்துப்போனா கேஸ் நம்ம பக்கம்."

"செத்தவங்க பேரை நாங்க வாயால சொல்ல மாட்டோம். உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா காடே போயிடும்க்கா."

"தெரிஞ்சும் கேக்குறே பாரு. காட்டைக் காப்பாத்த அப்பனை அவமானப்படுத்தணுமா?"

சொல்லிவிட்டாளே தவிர, கூண்டில் ஏறும்வரை அதே நினைப்புதான். தன் பிடிவாதத்தால் காடு போனால் யார் முகத்தில் விழிப்பது?

கம்பெனி வக்கீல் நேராக அங்கேதான் வந்தான்.

"உங்க அப்பா பேர் என்ன?"

மொழிபெயர்ப்பாளன் முடிப்பதற்குள் அவள் தலையை ஆட்டினாள். "சொல்ல மாட்டேன்."

"தெரியலையா?"

"தெரியும். சொல்ல மாட்டேன்."

அவன் நீதிபதி பக்கம் திரும்பினான். "ஐயா, அப்பா பேரையே சொல்லத் தெரியாதவங்க அப்பா நிலத்தைக் கேக்குறாங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். திபுங்குக்குச் சுருக்கென்றது.

"தம்பி, செத்தவங்களை நாங்க அவங்க செத்த ஓடையை வச்சுத்தான் சொல்லுவோம். எங்க அப்பா செலிடுங் ஓடைக்காரர். என் புருஷன் மெகியாங் ஓடைக்காரர். உன் குழாய் போற வழியைக் காட்டு, ஒவ்வொருத்தரா சொல்றேன்."

செலினா எழுந்தே விட்டாள். ஒரு வருடமாகப் பெயர், பெயர் என்று நச்சரித்தவளுக்கு ஓடையைக் கேட்கத் தோன்றவே இல்லை.

வரைபடத்தை விரித்தார்கள். அதில் ஓடைகளுக்கு வெறும் எண்கள்தான். பெரிய ஆறு எது என்று மட்டும் கேட்டுக்கொண்டு, திபுங் விரலை வைத்தாள்.

"இது தாபுன் ஓடை, என் மாமன். இது லுவாய், அம்மாவும் அத்தையும், ஒரே காய்ச்சல். இது பெலுரான்..." விரல் நின்றது. "என் மூத்தது. மூணு மாசக் குழந்தை."

இவன் முன்னால் அழுவேனா என்று பல்லைக் கடித்துக்கொண்டு மேலே போனாள். பத்தொன்பது ஓடைகள் சொன்னாள்.

"கடைசியில ஒண்ணு இருக்கே?" என்றான் வக்கீல்.

"லேசுவான். அங்க யாரும் சாகலை."

அவன் முகம் மலர்ந்தது. "அப்ப அது யாருக்கும் சொந்தமில்லை. வேலையை அங்கேருந்தே ஆரம்பிக்கலாம், ஐயா."

"ஆரம்பி. நான் போய் அங்க உக்காந்துக்குறேன். உன் மெஷின் என் மேல ஏறட்டும். அப்புறம் என் பேரையும் எவனும் சொல்ல மாட்டான், லேசுவான்காரின்னு சொல்லுவான். உனக்கு ஆதாரம் போதுமா?"

மொழிபெயர்ப்பாளன் தயங்கினான்.

"அப்படியே சொல்லுடா," என்றாள். சொன்னான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபது ஓடைகளையும் தானே நேரில் வந்து பார்க்கும்வரை குழாய் வேலை ஓரடி நகரக் கூடாது என்றார். வக்கீல் மறுத்துப் பேச வாயெடுத்தான்.

திபுங் கூண்டை விட்டு இறங்கவில்லை. "ஐயா, இந்தத் தம்பியையும் கூட்டிட்டு வாங்க. அட்டை கடிக்கும், பரவாயில்லை. எந்தெந்த ஓடைகிட்ட வாயை மூடணும்னு நான் காட்டுறேன்."