கிரிசாகா கோட்டையின் எரு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கழிப்பறையில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. மூங்கில் காட்டில் நடந்தபோது தோன்றியது என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் கதை எதைப் பற்றியது என்று தெரிந்ததும் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

கேட்டவர் ஒரு பத்திரிகை ஆசிரியர். "நீங்கதான் இருபத்தாறு வருஷமா நிஞ்சாக்களோட ஊரான கோகா பக்கம் குடித்தனம் பண்றீங்களேம்மா, மலருக்கு ஒரு நிஞ்சா கதை எழுதிக் குடுங்க" என்றார். கறுப்பு உடை, நட்சத்திரக் கத்தி, மதிலேறுதல் மூன்றும் கட்டாயம் வேண்டுமாம். நானும் அடக்கமாகவே ஆரம்பித்தேன்.

"நிலவில்லாத இரவு. கறுப்பு உடை அணிந்த ஒருவன் மதிலின் மேல் பூனை போல—"

நிறுத்திவிட்டேன். மதிலில் ஏறினால் கால் உடையும். பட்டப்பகலில், வாசல் வழியாக, காவல்காரனின் பெண்டாட்டிக்குச் சளி தேவலையா என்று விசாரித்துக்கொண்டே உள்ளே போகிறவர்தான் தொழில் தெரிந்த ஒற்றர். ஆகவே இரண்டாவது ஆரம்பம்:

"நல்ல வெயில். தோமி இரண்டு மரவாளிகளைக் காவடித் தடியில் தொங்கவிட்டுக்கொண்டு, கிரிசாகா கோட்டைக்குள் எரு அள்ளப் போனாள்."

இது நிற்கும் என்று தோன்றுகிறது.

(என் கணவர் தாட்சுயா தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். "எருன்னா மாட்டெருவா?" என்றார். இல்லை என்றேன். மிசோ சூப்பைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டார்.)

2

கிரிசாகா கோட்டையை நான்தான் கட்டினேன், வரைபடத்தில் தேடாதீர்கள். காலம் மட்டும் நிஜம். மலைக்கு ஒரு பிரபு இருந்தார், ஒவ்வொரு பிரபுவுக்கும் பக்கத்து மலை மேல் ஒரு கண் இருந்தது.

கோட்டைக்குள் இருப்பது நூற்று நாற்பது பேர். வெளியிலிருந்து பார்த்தால் அறுநூறு. மதில் முழுக்கக் கொடிகள், தலைக்கவசம் மாட்டிய வைக்கோல் பொம்மைகள், சோறே வேகாத அடுப்புகளிலிருந்து புகை. ஆற்றுக்கு அக்கரையில் கிழக்குப் பிரபுவின் படை முகாமிட்டிருக்கிறது. படையில் பாதிப்பேர் உழவர்கள், பத்து நாளில் அவர்களுக்கு நெல் அறுவடை. உள்ளே ஆள் குறைவு என்று தெரிந்தால் அடிப்பார்கள். அதிகம் என்றால் அறுவடைக்கு வீடு திரும்புவார்கள்.

கொடி பொய் சொல்லும், புகையும் பொய் சொல்லும். கழிப்பிடம் பொய் சொல்லாது. ஒருநாள் விட்டு ஒருநாள் தோமி அங்கே அள்ளுவது சரியாகப் பன்னிரண்டு வாளி.

இதைப் புரிந்துகொண்டவன் ஜின்பாச்சி. கிழக்குப் பிரபுவின் ஒற்றன், உப்பு வியாபாரி வேடத்தில் ஆற்றுத்துறையில் உட்கார்ந்திருப்பவன்.

"அக்கா, உள்ள எத்தன பேருன்னு மட்டும் சொல்லிடுங்க. எங்க பிரபு கையெழுத்துப் போட்ட பலகைய வாங்கித் தரேன். ஊர் எல்லையில நட்டுட்டீங்கன்னா ஒரு சிப்பாய் உங்க ஊருக் கோழியத் தொடமாட்டான்."

அந்தப் பலகை இல்லாத ஊர்களை, படை போகிற போக்கில் கொளுத்திவிட்டுப் போகும். தோமியின் ஊரில் முப்பத்திரண்டு வீடுகள்.

"எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றாள் தோமி.

"இதையேதான் நாலு தடவையாச் சொல்றீங்க!"

"எரு அளக்கறதுன்னா உப்பு அளக்கற மாதிரின்னு நெனச்சியா?"

அவள் எப்போதோ எண்ணி முடித்துவிட்டாள். அந்த நூற்று நாற்பது பேரில் ஒருவன் அவள் புருஷன் மோசுகே. கோட்டை வாசலில் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கணக்கைச் சொன்னால் அவன் உயிர் போகும், சொல்லாவிட்டால் ஊருக்குப் பலகை இல்லை.

பொய் சொல்லித் தொலைக்கலாமே என்கிறீர்களா? அதற்கு வருகிறேன்.

3

எதிர்ப்பக்கம் ஒரு புத்திசாலி வேண்டும். கோட்டை நிர்வாகி கென்பெய்யை உண்டாக்கினேன். முதலில் கன்னத்தில் ஒரு வெட்டுத் தழும்பு வைத்தேன். வில்லன் என்றால் எல்லோரும் வைப்பதாயிற்றே என்று எடுத்துவிட்டு, அதற்குப் பதில் மலச்சிக்கல் வைத்தேன். விளைவு, மனிதர் நெடுநேரம் கழிப்பிடத்தில் உட்கார்ந்து யோசிப்பவராகிவிட்டார்.

அப்படி ஒருநாள் யோசித்தபோதுதான் அவருக்கு வியர்த்தது. கொடியைக் கூட்டினோம், புகையைக் கூட்டினோம், இதைக் கூட்டவில்லையே! அன்றே வீரர்களை அழைத்தார். குளத்துச் சேறு, குதிரைச் சாணம், அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் கழிப்பிடக் குழிக்குள் போயின. பன்னிரண்டு வாளி முப்பது வாளியாயிற்று.

ஆற்றுத்துறையில் ஜின்பாச்சி அவள் நடைகளை எண்ணினான். "என்னக்கா, புதுசா படை வந்து இறங்கிருச்சா?" என்றான். முகம் வெளுத்திருந்தது.

பாருங்கள், திட்டம் பலித்துவிட்டது! தோமி வாயை மூடிக்கொண்டு சுமந்தால் போதும், கதை சுபம். ஆனால் அவள் விவசாயி.*

* அடிக்குறிப்பு: இந்த வேலையை நம் ஊரில் யார் தலையில் கட்டினோம் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதில் சிரிக்க எதுவுமில்லை. தோமியின் ஊரில் இது வயலுக்கான சரக்கு. முள்ளங்கியைக் கொடுத்துவிட்டு, தரம் பார்த்து வாங்கிப்போவார்கள். அதனால்தான் இந்தக் கதையை இங்கே வைத்து எழுதத் துணிந்தேன். (இதை இன்னும் நன்றாகச் சொல்ல வேண்டும், திருத்தும்போது பார்க்கலாம்.)

4

தோமி வாளிகளைக் கோட்டை வாசலில் டமாலென்று வைத்தாள்.

"யாருய்யா எருவுல சேத்தக் கலக்கறது?"

"ஏய், மெதுவாப் பேசு" என்றான் மோசுகே, உதடு அசையாமல். "நான் காவல்ல நிக்கறேன்ல?"

"நீ நில்லு, உன்ன யாரு கேட்டா? என் முள்ளங்கி இலையெல்லாம் மஞ்சளாப் போச்சு. முப்பது வாளி சுமந்து தோள்பட்ட பிஞ்சு போச்சு. அதுல பதினெட்டு வாளி குளம்!"

சத்தம் கேட்டுக் கென்பெய் வந்தார். "என்னம்மா கூச்சல்? ஆளு கூடுனா எருவும் கூடத்தான் செய்யும். அறுநூறு பேரு சாப்பிடற எடம்."

"அறுநூறா! யாருகிட்டக் கத விடறீங்க ஐயா? நூத்தி நாப்பது. அதுல மூணு பேருக்கு வயித்துப்போக்கு. ஒருத்தருக்கு நாலு நாளா ஒண்ணுமே போகல."

கென்பெய்யின் முகம் சிவந்தது, அந்தக் கடைசி ஆள் அவர்தான். பிறகு அவர் கை வாளுக்குப் போனது. சரியான எண்ணிக்கை பிரபுவையும் அவரையும் தவிர உள்ளே யாருக்கும் தெரியாது. மோசுகேவுக்கே தெரியாது.

5

முறைப்படி பார்த்தால் தோமி இங்கே சாக வேண்டும். பிடிபட்ட ஒற்றர்களை நாற்சந்தியில் மரச்சட்டத்தில் அறைந்து நிறுத்திய காலம் அது. எழுதியும் பார்த்தேன்.

"கென்பெய் வாளை உருவினார். தோமி கண்களை மூடி—"

முடியவில்லை. எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது. சேறு கலந்தால் சேறு என்று சொல்கிறவளை என் கையால் கொல்லமாட்டேன். வாள் பாதி உறையில் நிற்கட்டும், மனிதர் பேசட்டும்.

"இத வெளிய யாருகிட்டயாவது சொன்னியா?"

"உப்புக்காரன் கேட்டுக்கிட்டே இருக்கான். இன்னிக்கு உச்சிக்குள்ள பதில் வேணுமாம். சொல்லல."

"ஏன்?"

தோமி மோவாயால் மோசுகேவைக் காட்டினாள். "இந்தத் தண்டம் உள்ள இருக்கே."

மோசுகே தன் ஈட்டி முனையையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒன்பது வருடத்தில் அவள் அவனிடம் இவ்வளவு கொஞ்சிப் பேசியதில்லை.

கென்பெய் வாளை உள்ளே தள்ளினார். "சரி. நேரா அவன்கிட்டப் போ. அறுநூறுன்னு சொல்லிட்டு வா."

மோசுகே பதறிப்போய் மண்டியிட்டான். "ஐயா, அது மட்டும் வேணாம்! இவளுக்குப் பொய் வராது. கல்யாணத்தன்னிக்கு எங்கம்மா, சோறு எப்படிம்மா இருக்குன்னு கேட்டாங்க. இவ சொல்லிட்டா. அந்தச் சண்டையே இன்னும் ஓயல."

சோதித்துப் பார்த்தார்கள். "அறு..." என்று ஆரம்பித்த தோமிக்குக் காது சிவந்தது, விக்கல் வந்தது, சிரிப்பும் வந்தது. மூன்று முறையும் அப்படித்தான். கடைசியில் கென்பெய்யே சிரித்துவிட்டார்.

ஆனால் உச்சிவேளைக்குள் ஜின்பாச்சி பதிலோடு அக்கரைக்குப் போயாக வேண்டும். தோமி வரவில்லை என்றால் உள்ளே ஆள் குறைவு, அதை மறைக்கிறார்கள் என்று அவன் அதையே பதிலாக எடுத்துக்கொள்வான்.

யோசித்த முடிவுகள்:

அ) திடீர் மழை, ஆற்றில் வெள்ளம், படை கலைகிறது. (மழையைக் கூப்பிடுவது சோம்பேறித்தனம்.)

ஆ) தோமி உண்மையில் மாறுவேடத்தில் வந்த நிஞ்சா தலைவி. (ஆசிரியரின் யோசனை. கறுப்பு உடையைத் தானே அனுப்பிவைப்பதாகவும் சொன்னார்.)

இ) மோசுகே எருக்காரன் வேடத்தில் போகிறான், ஆனால் ஜின்பாச்சி அவனை வாசலில் நாலு தடவை பார்த்து—

மூன்றும் சரிப்படவில்லை.

6

ஆகவே வேறு ஒருவர் போக வேண்டும். என்ன நடக்கிறது என்று முழுக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும், ஜின்பாச்சி பார்த்திராத முகமாகவும் இருக்க வேண்டும். நான் போகலாம்தான். ஆனால் கதை கட்டுகிறவள் என்று தெரிந்த பிறகு என்னை எந்த ஒற்றன் நம்புவான்?

கோட்டைக்கு வெளியே இந்தக் கணக்குத் தெரிந்த ஆள் இப்போது நீங்கள் ஒருவர்தான்.

தோளைக் கொடுங்கள். தோமியே காவடித் தடியை உங்கள் தோளில் ஏற்றிவிடுகிறாள். "தளும்பாமப் போங்க. பாதி சேறுதான், இருந்தாலும் சரக்கு" என்கிறாள். மோசுகே கதவைத் திறக்கிறான். தலையைத் தாழ்த்தி வணங்குகிறான்.

ஆற்றுத்துறையில் ஜின்பாச்சி எழுந்து நிற்கிறான். கக்கத்தில் வைக்கோல் சுற்றிய பலகை, கையெழுத்தோடு தயாராக இருக்கிறது.

"என்ன, தோமியக்கா வரலியா? பரவால்ல, நீங்களும் உள்ளருந்துதான வரீங்க? எத்தன பேரு?"

நீங்கள் வாயைத் திறப்பதற்குள் அவன் ஒரு குச்சியை உடைத்து வாளிக்குள் விட்டுக் கிளறுகிறான். குச்சியை மூக்கருகே கொண்டுபோகிறான். நெற்றி சுருங்குகிறது.

"எங்கப்பாவும் விவசாயிதாங்க" என்கிறான் நிதானமாக. "இதென்ன, பாதி சேறு மாதிரி இருக்கு?"

நான் இத்தோடு எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன். அவன் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான், ஏதாவது சொல்லுங்கள்.