சீரங்காயியின் கையெழுத்து

ஆவணக் காப்பகத்தில் ஆய்வுத் தாள்களை ஒப்படைப்பதென்றால், அந்தத் தாள்களில் பதில் சொன்னவர்களையும் சேர்த்துத்தான் ஒப்படைக்க வேண்டும். நான் பன்னிரண்டு பெட்டிகளோடு போனேன். பெட்டிக்குப் பத்துப் பேர். மூச்சுக்காக மூடிகளை விரலளவு திறந்து வைத்திருந்தேன்.

முதுமையை ஆராய்ந்த சமூகவியல் பேராசிரியர் குழந்தைவேலு என்றால் நான்தான். பெயரைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். முப்பத்தொரு வருடங்களுக்கு முன்பு நூற்றிருபது முதியவர்களிடம் ஆளுக்கு நாற்பது கேள்வி கேட்டேன். அதில் பிறந்ததுதான் ‘வாசல் பார்த்தல்’ என்ற கோட்பாடு. வயதானவர்கள் மாலையில் யாரோடும் பேசாமல் வாசலையே பார்த்திருப்பார்கள், அந்த மௌனம் ஒரு கனிவு என்பது அதன் சாரம். அதற்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் முன்வரிசைதான்.

தாள்களைக் காப்பகம் ஏற்றுக்கொண்டால் என் பெயரில் ஓர் அறை கிடைக்கும். பெயர்ப்பலகைகூட எழுதிக் காய்ந்துவிட்டது. ஆனால் பதில் சொன்னவர்கள் அத்தனை பேரும் ‘இது என் பதில்தான்’ என்று கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் போடாவிட்டாலும் எல்லாம் திரும்பிவிடும். நூற்றிருபது பேரும் என் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

அலுவலகம் வரை தாழ்வாரம் நாற்பதடி. நடக்க நடக்க ஆளுக்கு ஓரடி நீண்டது.

“பயப்படாதீங்க, திரும்பி வரும்போது சுருங்கிரும்,” என்றார் காவலாளி.

திரும்பி வந்தவர் யாரையாவது பார்த்திருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை.

காப்பக அதிகாரியின் பெயர் ஜெசிந்தா. அவருக்குப் பின்னால் ஒரு கடிகாரம் ஐந்தரை காட்டியது. அங்கே எப்போதும் ஐந்தரைதான்.

“எல்லாரும் உயிரோட இருக்காங்களா?”

“தாள்ல இருக்காங்க மேடம்.”

“அது போதும்.”

எண் வரிசைப்படி வெளியே வந்தார்கள். எல்லோருக்கும் முப்பத்தொரு வயது கூடியிருந்தது. ஏழாம் எண் முத்துக்கருப்பனுக்கு இப்போது நூற்று நான்கு. பேனாவை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

“சார், அன்னைக்கி நான் சொன்னதுல பாதி பொய்யி.”

“பொய் உங்களோடதுதானே?” என்றார் ஜெசிந்தா.

“பின்ன, அடுத்த வீட்டுக்காரனோடதா?”

“அப்ப போடுங்க.”

போட்டார். நூற்றுப் பத்தொன்பது பேர் போட்டு முடிக்கும்வரை அந்த அறை சந்தைபோல இரைந்தது. வெற்றிலை கேட்டார்கள். மருமகளைத் திட்டினார்கள்.

நூற்றிருபதாவது ஆள் சீரங்காயி. அப்படி ஒருத்தி கிடையாது.

ஆய்வின் கடைசி நாளன்று ஐப்பசி மழை. ஒரு படிவம் குறைந்தது. கடைசி பஸ்ஸுக்குக் கால் மணி நேரம் இருந்தது. பரோட்டாக் கடையில் உட்கார்ந்து நானே நிரப்பினேன். எதிரே நின்ற லாரியின் நெற்றியில் ‘சீரங்காயி துணை’ என்று எழுதியிருந்தது. வயது அறுபத்தெட்டு என்று போட்டேன். எழுத்தறிவு உண்டு. பிள்ளைகள் நான்கு. பார்க்க வருவார்களா? இல்லை. இருபத்தேழாவது கேள்வி: மாலையில் யாரிடம் பேசுவீர்கள்? ‘யாரிடமும் இல்லை. வாசலைப் பார்ப்பேன்.’ பரோட்டா வந்துவிட்டது.

மற்ற நூற்றுப் பத்தொன்பது பேரும் மாலையில் ஓயாமல் பேசுகிறவர்கள். அவர்களை வைத்து எந்தக் கோட்பாடும் எழுப்ப முடியாது. என் புத்தகத்தின் நானூறு பக்கங்களும் சீரங்காயி ஒருத்தியின் தோளில்தான் நின்றன.

அவள் பெட்டியிலிருந்து இறங்கினாள். தொண்ணூற்றொன்பது வயது. சேலையின் தோள்பக்கம் சால்னாக் கறை. முகத்தில் அதிகம் ஒன்றுமில்லை. நான் எழுதியிருக்கவில்லை.

“ஏம்மா, இதெல்லாம் நீங்க சொன்ன பதில்தானா?” என்று ஜெசிந்தா கேட்டார்.

அவள் வாய் திறக்கவில்லை.

“பேச மாட்டாங்களா?”

“கேள்வி இருபத்தேழு, மேடம்.”

“அது சாயங்காலம்தானே?”

நான் கடிகாரத்தைக் காட்டினேன்.

சீரங்காயி மேலே பார்த்தாள். அங்கே ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் சண்டைக்காரியோடு நேராகப் பேச மாட்டார்கள். அவள் காதில் விழும்படி ஆட்டுக்குட்டியிடம் பேசுவார்கள். ஆட்டுக்குட்டியிடமோ மின்விசிறியிடமோ பேசக்கூடாதென்று படிவத்தில் எங்கேயும் இல்லை.

“ஏ காத்தாடி! நாலு புள்ள பெத்தவளாம் நானு. ஒண்ணுக்காச்சும் பேரு வச்சாரா அந்த வாத்தியாரு? கேளு.”

வைக்கவில்லை. படிவம் கேட்டது எண்ணிக்கையைத்தான்.

“முப்பத்தோரு வருசமா வாசலப் பாக்குறேன். வாசல எழுதுன மனுசன் அதுக்கு அந்தாண்ட ஒரு தெருவ எழுதுனாரா? நாய் நரி போனாக்கூட பாத்துக்கிட்டு கெடப்பேனே.”

“உங்களத்தான் சொல்றாங்க,” என்றார் ஜெசிந்தா.

“காத்தாடியைச் சொல்றாங்க மேடம்.”

அவர் படிவத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எண்ணெய்க் கறை வழியாக என் முகம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“இந்தப் பொய் இவங்களோடது இல்ல சார். நான்தான் எழுதினேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க.”

“குடுத்தா?”

“படிவம் காலியாயிடும். அவங்களே நிரப்பிக்குவாங்க. உங்க அறை போயிடும்.”

“குடுக்கலைன்னா?”

“அவங்களா மனசு ஒத்துக் கையெழுத்துப் போடணும். போட்டா மூடிய மூடிடுவோம். பதில் அப்படியே நிக்கும்.”

பேனாவைத் திறந்தேன். ஒரே ஒரு வரி. நானூறு பக்கம் எழுதியவன். பேனாவை மூடினேன்.

என் அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. என்னிடம் துண்டு இல்லை. பையில் பொன்னாடை இருந்தது. அதை எங்கள் இருவர் கைமேலும் போட்டேன்.

அவள் என் நான்கு விரல்களைப் பிடித்தாள். நாலு பிள்ளைகளும் வர வேண்டும் என்று அர்த்தம்.

மூன்று விரல்களை மடக்கிக்கொண்டேன். ஒருவர் வந்தாலே கோட்பாடு விழுந்துவிடும், இருந்தாலும் எடுத்தவுடன் கையை உதறக்கூடாது. அது தரகு மரியாதை.

மிச்சமிருந்த ஒற்றை விரலை அவள் பிடித்தாள். அதையும் பாதி மடக்கினேன். பொங்கலுக்கு மட்டும். பிறகு முழுக்க மடக்கப் பார்த்தேன். அவள் விடவில்லை.

எதிராளியின் கை வேர்த்தால் வியாபாரம் நம் பக்கம் என்பார் அப்பா. அவள் கை வேர்க்கவில்லை. வேர்க்கும் என்று நான் எழுதியிருக்கவில்லை. என் கைதான் நனைந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் எனக்குப் புரிந்தது. அவள் இப்போது பேரம் பேசவில்லை. விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். முப்பத்தொரு வருடத்தில் அவள் பிடித்த முதல் விரல் அது.

இளகிவிட்டாள், இதுதான் சமயம் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

“காத்தாடி,” என்றேன். “உங்க பெட்டியில ஒரு காத்தாடி மாட்டச் சொல்றேன். அதுகிட்ட எவ்வளவு வேணும்னாலும் பேசிக்கலாம்.”

அவள் விரலை விட்டாள். வியாபாரம் படிந்தது.

“காத்தாடி மனுசன் இல்லையே சார்?” என்றார் ஜெசிந்தா.

“அதனாலதான் மேடம்.”

‘யாரிடமும் இல்லை’ என்பதற்குப் பக்கத்தில் ‘மின்விசிறி நீங்கலாக’ என்று சேர்த்தோம். கோட்பாட்டுக்குச் சேதமில்லை. சீரங்காயி கையெழுத்துப் போட்டாள். அது என் கையெழுத்தாகவே இருந்தது. அதே சாய்வு, அதே கொம்பு. ஜெசிந்தா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முத்திரை குத்தினார்.

அந்தக் காலத்தில் என் அப்பாவிடம் மாடு வாங்கிய முத்துக்கருப்பன் தன் பெட்டிக்குள் ஏறப் போனவர் நின்றார்.

“நல்ல யாவாரம் வாத்தியாரே. உங்கப்பாரு கெழட்டு மாட்டுக்குக்கூட இம்புட்டு பேரம் பேச மாட்டாரு.”

மூடிகளை மூடினார்கள். இரைச்சல் நின்றது.

என் அறையைக் காட்டினார்கள். அது சீரங்காயியின் பெட்டிக்கு அடுத்த பெட்டி. வெளியே பெயர்ப்பலகை. உள்ளே ஒரு நாற்காலியும் ஒரு வாசலும் இருந்தன. வாசலுக்கு அந்தாண்டை தெரு இல்லை. நாற்காலியின்மேல் நாற்பது கேள்விகள் கொண்ட படிவம்.

“அறை வாங்கினவங்களும் ஒண்ணு குடுக்கணும்,” என்றார் ஜெசிந்தா. “நீங்களே நிரப்பிக்கலாம். உங்களுக்குப் பழக்கந்தானே.”

மூடியை விரலளவு விட்டுவிட்டுப் போனார்.

வயது அறுபத்தெட்டு என்று எழுதினேன். எழுத்தறிவு உண்டு என்று எழுதினேன். இருபத்தேழாவது கேள்வியில் பேனா நின்றது.

அடுத்த பெட்டியில் மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறேன்.

“ஏ காத்தாடி,” என்றாள் சீரங்காயி. “பக்கத்துப் பொட்டிக்காரரு சாப்புட்டாரான்னு கேளேன். மழ வேற பேயிது. பரோட்டாக்கட தெறந்திருக்காதுல்ல.”

கேட்டது மின்விசிறியிடம். நான் பதில் சொல்வது முறையல்ல.

அவள் கொஞ்சம் பொறுத்திருந்துவிட்டு இன்னொரு தடவை கேட்டாள்.

நான் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தேன். மணி ஐந்தரை.