தொட்டால் போதும்

என் வீட்டுக்காரர் இரவு பஸ் ஓட்டுகிறவர். பகலில்தான் தூக்கம். சில நாள் கண் விழித்துவிடும், உடம்பு விழிக்காது. கனவு காணும்போது கை கால் ஆடாமலிருக்க மூளை ஒரு பூட்டுப் போடுமாம். இவருக்கு அது திறக்கத் தாமதமாகிறதாம். "பயப்படாதீங்கம்மா, தோளைத் தொட்டா போதும், சரியாயிடும்" என்றார் டாக்டர்.

நான் ஏன் தொட வேண்டும்? வாயைத் திறந்தாலே எரிந்து விழுகிற மனுஷன் வாயைத் திறக்க முடியாமல் கிடக்கிற நேரம் அது ஒன்றுதான். கண் மட்டும் உருளத் தொடங்கினால், தையல் மெஷினை நிறுத்திவிட்டு நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டுக்கொள்வேன்.

இன்றும் அப்படித்தான்.

"வளையலைக் காணோம்னு உங்க அக்கா என் பெட்டியைக் கொட்டிப் பாத்தப்போ, கல்லுளிமங்கன் மாதிரி நின்னீங்களே? அது அவங்க பையிலேயே கிடைச்சப்போ ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கண் என் மேலேயே நிலைத்திருந்தது. மூச்சு வேகமாக வந்தது. எனக்கே கொஞ்சம் இரக்கம் வந்துவிட்டது. போனால் போகிறது, தொட்டுத் தொலைப்போம் என்று கையை நீட்டினேன்.

அப்போது ஓர் ஈ அவர் மூக்கில் உட்கார்ந்தது. சட்டென்று கையைத் தூக்கி அதை விரட்டினார். என்னைப் பார்த்தார். அந்தக் கையை மெல்லப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, மறுபடியும் கட்டை மாதிரி கிடந்தார்.

நான் நாற்காலியை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டேன்.

"சரி, அப்படியே கிடங்க. உங்க அம்மா கதையை நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."