முறைக்காய்ச்சலும் பிரமிட்டும்

விமலேஸ்வரிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல். வன்னியில் மலேரியா இப்படித்தான் வரும் என்று மாட்டுக்கும் தெரியும். அவளுடைய புருசன் சிவராசாவுக்கு மட்டும் தெரியவில்லை. பாவம், பிரமிட்டு வடிவத்துக்குள் இருந்தால் அதன் அதிர்வு நோயை மாற்றும் என்று மனிசன் ஏதோ ஒரு பழைய சஞ்சிகையில் வாசித்துவிட்டார்.

கமுகஞ் சிலாகைகளைக் கூம்பாகக் கட்டி முற்றத்தில் நிறுத்தினார். நடுங்கிக்கொண்டிருந்தவளை அதற்குள் இருத்தினார். மறுநாள் காய்ச்சல் இல்லை.

"பாத்தீரே! அதிர்வு வேலைசெய்யுது!" என்று துள்ளினார்.

அதற்கடுத்த நாள் பல்லுக் கிட்டிக்கொண்டு குளிர் வந்தது.

"உமக்கு நம்பிக்கை காணாது, இன்னும் கூட வேணும். அதுதான்."

சுகம் வந்தால் பிரமிட்டு, வராவிட்டால் விமலேஸ்வரி! இந்த வழக்கை எந்தக் கோட்டில் போய் வெல்லுவது? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் யாழ்ப்பாணத்தை விட்டு வந்த பிறகு மனிசன் இவ்வளவு சந்தோசமாய்த் திரிந்து அவள் கண்டதில்லை. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. காய்ச்சல் இல்லாத ஒரு நாளில், வற்றாப்பளை அம்மனிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை ஆசுப்பத்திரிக்கு விட்டாள். இரத்தம் குத்திப் பார்த்துக் குளிசை கொடுத்தார்கள். ஒளித்து ஒளித்து விழுங்கினாள். காய்ச்சல் நின்றது.

பிறகு சிவராசாவைக் கையில் பிடிக்க முடியுமா? சந்தி சந்தியாய் நின்று கதை அளந்தார். "வெள்ளைக்காரனே ஒத்துக்கொண்டிட்டான். அதிர்வுக்குத் தூரமே இல்லை, இஞ்ச வைச்சால் கொழும்பிலையும் வேலைசெய்யும்!"

ஒருநாள் காலை பக்கத்துக் கொட்டில் யூலிற்றா, முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள், தன் சின்ன மகள் டிலுசாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். பிள்ளையின் உடம்பு நெருப்பாய்க் கொதித்தது.

"அக்கா, உங்களைச் சுகமாக்கின பிரமிட்டுக்குள்ள இவளையும் ஒருக்கா இருத்துங்கோ. ஆசுப்பத்திரிக்கு அலையத் தேவையில்லை."

விமலேஸ்வரி பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஐயோ, தான் வாயை மூடிக்கொண்டிருந்தது இந்தக் குழந்தையின் தலையில் அல்லவா விடியப் போகிறது!

"யூலிற்றா, நான் குளிசை குடிச்சனான். ஆசுப்பத்திரிக் குளிசை."

பக்கத்தில் நின்ற சிவராசாவின் முகம் கறுத்தது. பார்க்க அவளுக்கே பாவமாய் இருந்தது. ஆனால் அவர் விடுகிற ஆளா?

"குளிசை ஊரெல்லாம் குடிக்குதுதானே. உமக்கு மட்டும் ஏன் இவ்வளவு கெதியா மாறினது? பிரமிட்டாலைதான் குளிசையே வேலைசெய்தது!"

இந்த மனிசனோடு வாதாடினால் பிள்ளைக்குக் காய்ச்சல் இன்னும் ஏறும். விமலேஸ்வரி குரலைத் தணித்தாள்.

"அதிர்வுக்குத் தூரமில்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"ஓம், அதுக்கென்ன?"

"அப்ப பிரமிட்டு முற்றத்தில நிண்டு தன்ரை வேலையைப் பாக்கட்டும். நீங்கள் சைக்கிளை எடுங்கோ. தாயையும் பிள்ளையையும் ஆசுப்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு போங்கோ."

சிவராசா சைக்கிளை எடுத்தார்.

டிலுசா சுகமாகி ஓடித் திரிந்தாள். சந்தியில் இப்போது தூர அதிர்வின் பெருமை நடந்தது. நடக்கட்டும் என்று விமலேஸ்வரி விட்டுவிட்டாள்.

மாரி தொடங்கிய பிறகு ஒரு மத்தியானம் வயலிலிருந்து சிவராசா சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்கி நடுங்கி வந்தார். பிரமிட்டின் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே போய்ச் சைக்கிள் கரியரில் ஏறி இருந்துகொண்டார்.

"இஞ்சாரும், கெதியா உழக்கும். அது இஞ்ச நிண்டு பாத்துக்கொள்ளும்."

விமலேஸ்வரி சைக்கிள் கான்டிலைப் பிடித்தாள்.

"நம்பிக்கை காணுமோ?" என்று கேட்டுக்கொண்டே உழக்கினாள்.